பில்டர் போனை எடுக்கவில்லையா? புது ஃபிளாட் வாங்கியவர்கள் செய்ய வேண்டியவை

புக்கிங் பணம் கட்டும்வரை ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிட்டவர், முக்கால்வாசிப் பணம் கைக்குப் போனதும் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "சார், டென்ஷன் ஆகாதீங்க, அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன்" என்பதோடு சரி. தாம்பரம், போரூர், ஓஎம்ஆர் என்று சென்னையைச் சுற்றி எங்கே ஃபிளாட் வாங்கியவரிடம் கேட்டாலும் புலம்பல் ஏறக்குறைய ஒன்றுதான்: சொன்ன தேதிக்குச் சாவி வரவில்லை, வந்த வீட்டில் ஓதம், பார்க்கிங்குக்குத் தனிக் காசு, நிறைவுச் சான்றிதழைக் கேட்டால் மழுப்பல். எங்கள் குடியிருப்பில் சங்க வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், எல்லோரும் ரெரா என்கிறோமே அது, வாங்குபவருக்கு நிறையவே கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டப்படி அமைந்த ரெரா ஆணையத்தில் எழுத்தில் இருப்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். சைட் ஆபீஸில் காபி கொடுத்துச் சொன்ன உறுதிமொழி எதுவும் செல்லாது.

ஆகவே முதல் வேலை, போனை வைத்துவிட்டு மெயிலைத் திறப்பது.

எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டுவாருங்கள்

போனில் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. பேசுங்கள், ஆனால் பேசி முடித்த கையோடு ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். பெரிய இங்கிலீஷ் எல்லாம் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம்: "இன்று மாலை நான் போனில் கேட்டபோது, பி பிளாக் மூன்றாம் மாடி வீட்டை மார்ச் மாதக் கடைசிக்குள் ஒப்படைப்பதாகச் சொன்னீர்கள். ஒப்பந்தப்படி போன ஜூனிலேயே ஒப்படைத்திருக்க வேண்டும். தாமதத்துக்கான வட்டியைக் கேட்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. நான் எழுதியதில் தவறு இருந்தால் ஏழு நாளுக்குள் தெரிவிக்கவும்." இவ்வளவுதான். பெரும்பாலும் பதில் வராது. பதில் வராததும் பின்னால் உங்களுக்குத்தான் உதவும்.

சேல்ஸ் ஆளின் சொந்த மெயிலுக்கு அனுப்பிப் பிரயோஜனமில்லை. அந்தப் பையன் ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவான், அவனோடு உங்கள் கதையும் போய்விடும். ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் கம்பெனி மெயிலுக்கு அனுப்பி, முக்கியமான கடிதமாக இருந்தால் அதையே ஸ்பீடு போஸ்டில் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியோடும் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை எக்ஸ்போர்ட் செய்து வைக்க வேண்டும், ஏனென்றால் போன் மாற்றும்போது காணாமல் போவது எப்போதும் அந்த ஒரு சாட்டாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஒரு ஃபைல். அதில் புக்கிங் ரசீது, விற்பனை ஒப்பந்தம், கட்டுமான ஒப்பந்தம், கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் டிமாண்ட் லெட்டரும் (தவணை கேட்டு பில்டர் அனுப்பும் கடிதம்) ரசீதும், வங்கியின் கடன் அனுமதிக் கடிதம், இதோடு புரோஷரும் இருக்க வேண்டும். புரோஷரைத்தான் பலர் தூக்கிப் போட்டுவிடுவார்கள். விளம்பரத்தில் நீச்சல் குளமும் கிளப் ஹவுஸும் காட்டிவிட்டுக் கட்டாமல் விட்டால், பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவருக்கு இழப்பீடு உண்டு என்று ரெராவின் 12ஆவது பிரிவு சொல்கிறது. அதை நிரூபிக்க அந்தப் பளபளப்பான புத்தகம்தான் சாட்சி.

ரெரா பதிவைத் தோண்டிப் பாருங்கள்

நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் இருந்தாலோ திட்டத்தை ரெராவில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்த திட்டத்துக்கு ஒரு பதிவு எண் இருக்கும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடினால் அங்கீகரித்த வரைபடம், வீடுகளின் எண்ணிக்கை, முடித்துத் தருவதாக பில்டர் தன் கைப்பட உறுதி கொடுத்த தேதி எல்லாம் கிடைக்கும். உங்களிடம் சொன்ன தேதி, ஒப்பந்தத்தில் உள்ள தேதி, ரெராவில் கொடுத்த தேதி மூன்றும் வேறு வேறாக இருப்பது சர்வ சாதாரணம். மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்தை அன்றைய தேதி தெரிகிற மாதிரி பிரின்ட் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடம் என்று காட்டிய மூலையில் ஜெனரேட்டர் வந்திருக்கும், மொட்டை மாடியில் வரைபடத்தில் இல்லாத ஓர் அறை முளைத்திருக்கும். மொத்தத் திட்டத்தில் அப்படி மாற்ற வேண்டுமானால் வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், 14ஆவது பிரிவு. அந்தச் சம்மதத்தை ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு வரியாக நுழைத்து முன்கூட்டியே வாங்கிவிடப் பார்ப்பார்கள். இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் அந்த வரியை அடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னும் புக்கிங் நிலையிலேயே இருப்பவர்களுக்கு இன்னொன்று: விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. "ஆஃபர் இந்த வாரத்தோட முடியுது, 20 பர்சன்ட் கட்டிடுங்க" என்றால் 13ஆவது பிரிவு என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறிவிடும்.

தாமதம்: வட்டி எவ்வளவு, சாக்கு எது

சொன்ன தேதிக்கு வீடு வரவில்லை என்றால் உங்களுக்கு இரண்டு வழி. வீடே வேண்டாம் என்று விலகி, கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். இல்லை, வீடு வேண்டும் என்றால் சாவி கைக்கு வரும்வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி கேட்கலாம். இரண்டும் 18ஆவது பிரிவில் இருக்கிறது. விலகுபவருக்குப் பணம் திரும்பக் கேட்கும் உரிமை நிபந்தனையில்லாதது என்று 2021 நவம்பரில் நியூடெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வட்டி விகிதம் தமிழ்நாட்டு விதிகளின்படி ஸ்டேட் வங்கியின் அதிகபட்ச எம்சிஎல்ஆர் (கடனுக்கான அடிப்படை வட்டி) விகிதமும் அதற்கு மேல் 2 சதவீதமும். கணக்குப் புரிய 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 60 லட்சம் கட்டியிருந்தால் வருடத்துக்கு 6,30,000, மாதத்துக்கு 52,500 ரூபாய். பில்டர் எழுதிய ஒப்பந்தத்திலோ தாமதமானால் சதுர அடிக்கு ஐந்து ரூபாய் என்கிற ரீதியில் போட்டிருப்பார்கள், 1,100 சதுர அடி வீட்டுக்கு மாதம் 5,500 ரூபாய். அதே ஒப்பந்தத்தில் நீங்கள் தவணையைத் தாமதித்தால் மட்டும் 18 சதவீதம், 24 சதவீதம் என்றிருக்கும். "நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு வாயடைத்துப் போக வேண்டாம். இப்படி ஒருதலைப்பட்சமாக எழுதிய ஒப்பந்தம் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்று 2019இல் பயனியர் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ரெராவில் வட்டி இரண்டு பக்கத்துக்கும் ஒரே விகிதம்தான்.

சாக்குகளைப் பற்றி. போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம், இது போன்ற இயற்கைப் பேரிடர் ஆகியவற்றைத்தான் சட்டம் தவிர்க்க முடியாத காரணம் என்கிறது. ஆள் கிடைக்கவில்லை, எம்-சாண்ட் விலை ஏறிவிட்டது, வடநாட்டு ஆட்கள் தேர்தலுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள், கான்ட்ராக்டர் ஓடிவிட்டான் என்பதெல்லாம் பில்டரின் தலைவலி. கொரோனா காலத்தில் ஆறு மாத நீட்டிப்புக் கொடுத்தது உண்மை, அதையும் 2020 மார்ச் 25க்கு அப்புறம் முடிய வேண்டிய திட்டங்களுக்குத்தான் கொடுத்தார்கள். அதைக் காட்டி மூன்று வருடம் ஓட்ட முடியாது. மிச்சாங் புயலில் சைட்டில் தண்ணீர் நின்றது என்றால் எத்தனை நாள் வேலை நின்றது என்று கேளுங்கள், அதற்கு ஆதாரமும் கேளுங்கள்.

கோபத்தில் இஎம்ஐ கட்டாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். வங்கிக்கும் பில்டருக்கும் உள்ள கணக்கு வேறு, உங்களுக்கும் வங்கிக்கும் உள்ள கணக்கு வேறு. சிபில் ஸ்கோர் அடிவாங்குவது உங்களுக்குத்தான். ஆனால் வங்கி அடுத்த தவணையை விடுவிப்பதற்கு முன் உங்களைக் கேட்டாக வேண்டிய இடத்தில் நீங்கள் விழிப்பாக இருக்கலாம்: சைட்டுக்குப் போய், டிமாண்ட் லெட்டரில் சொன்ன தளம் உண்மையிலேயே போட்டாகிவிட்டதா என்று போட்டோ எடுத்து, போடவில்லையென்றால் வேலை அந்தக் கட்டத்துக்கு வரவில்லை, தொகையை நிறுத்தி வையுங்கள் என்று கிளைக்கு எழுதிக் கொடுங்கள். வெறுமனே தவணையை நிறுத்தினால் உங்கள் மீதே வட்டி விழும், 19ஆவது பிரிவு உங்களுக்கும் கடமை வைத்திருக்கிறது. ஆகவே நிறுத்தினாலும் காரணத்தோடு, எழுத்தோடு நிறுத்துங்கள். வேறு வழியில்லாமல் கட்ட நேர்ந்தால், ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன் என்று ஒரு மெயில் போட்டுவிட்டுக் கட்டுங்கள்.

கடைசித் தவணைக்கு முன்னால்

பில்டரிடம் உங்களுக்கு மரியாதை இருப்பது கடைசித் தவணை அவர் கைக்குப் போகும்வரைதான். அதற்கு முன் கேட்டால் ஒரே நாளில் நடக்கிற வேலை, அதற்குப் பின் ஒரு வருடம் இழுக்கும். அதனால் சாவி வாங்கும் நாளுக்கு முன்பே வீட்டை முழுசாகப் பரிசோதித்து, குறைகளைப் பட்டியல் போட்டு, சரிசெய்யச் சொல்லிவிட வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு அதன் பிறகு பரிசோதனைக்குப் போவது எல்லோரும் செய்வது. பத்திரிகை அடித்தாகிவிட்டது என்று தெரிந்ததும் எதிர்ப்பக்கத்து அவசரம் எல்லாம் பறந்துவிடும். ஆகையால் தேதியைப் பற்றி சைட்டில் மூச்சு விடாதீர்கள்.

நிறைவுச் சான்றிதழ் வாங்காமல் சாவியைக் கொடுக்கப் பார்ப்பதுதான் இதில் பெரிய தந்திரம். வட்டி ஓடுவதை நிறுத்த அவர்களுக்கு உங்கள் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான். கட்டட அனுமதி தரும் அரசு அமைப்புகளான சிஎம்டிஏவோ டிடிசிபியோ கொடுக்கும் அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் நிரந்தர மின் இணைப்பு, குடிநீர், கழிவுநீர் இணைப்பு எல்லாமே சிக்கலாகும், கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பிலேயே குடியிருக்கும்படி ஆகும், அதன் கட்டணம் வேறு அதிகம். சின்னக் கட்டடங்களுக்கு இந்தச் சான்றிதழில் விலக்கு உண்டு, உங்களுடையது அதில் வருகிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். சான்றிதழ் வாங்கித் தராதது சேவைக் குறைபாடு என்று 2022இல் மும்பைக் குடியிருப்பு ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒப்படைப்புக் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். "அனைத்துப் பணிகளும் என் முழுத் திருப்திக்கு முடிந்துள்ளன, இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அடிக்க விடமாட்டார்கள். சரி, உங்கள் கையெழுத்துக்கு மேலே பேனாவால் "இணைப்பில் உள்ள குறைகள் சரிசெய்யப்படுவதற்கு உட்பட்டும், தாமத வட்டிக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமலும்" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். எழுதியதை அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டைப் பரிசோதிப்பது

இதற்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்கள், வெளிச்சம் இருக்கும்போதே போங்கள். டேப் அல்லது லேசர் அளவுகோல், போன் சார்ஜர், ஒரு கோலிக்குண்டு, டார்ச், மாஸ்கிங் டேப், மார்க்கர், ஒரு நாணயம் போதும். தெரிந்த சிவில் இன்ஜினியர் இருந்தால் கூட்டிப் போங்கள், கூட வந்த மாமனார் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

முதலில் அளவு. ரெரா சொல்லும் கார்பெட் ஏரியா என்பது உள்ளே புழங்கும் தரைப்பரப்பு, உள்சுவர்கள் உட்பட, வெளிச்சுவரும் பால்கனியும் குழாய்கள் இறங்கும் டக்டும் இல்லாமல். பொது இடங்களின் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்டப் கணக்கைக் காட்டிக் குழப்புவார்கள். ஒவ்வொரு அறையையும் அளந்து ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். பத்திரத்தில் உங்கள் பெயருக்கு வரும் பிரிபடாத பாகத்தையும், அதாவது யுடிஎஸ், நிலத்தின் மொத்த அளவு, மொத்த வீடுகளின் பரப்பு இரண்டையும் வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள். பத்து இருபது வருடம் கழித்துக் கட்டடத்தை இடித்துக் கட்டும் நாள் வந்தால் உங்களுக்கு மிஞ்சும் சொத்து அந்த நிலப் பங்குதான்.

அடுத்தது பாத்ரூம். தண்ணீர் பிரச்சினையில் பாதி இங்கேதான் பிறக்கிறது. வடிகாலைத் துணி வைத்து அடைத்து, தரையில் இரண்டு விரல்கடை தண்ணீர் நிற்கும்படி விட்டு ஒரு நாள் வைத்திருக்கச் சொல்லுங்கள். மறுநாள் கீழ்வீட்டு பாத்ரூம் கூரையைப் போய்ப் பாருங்கள், குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி நனைந்த வட்டம் தெரிகிறதா, பக்கத்துப் படுக்கையறைச் சுவரின் அடிப்பக்கம் தொட்டால் ஜில்லென்று இருக்கிறதா. அதேபோல் உங்களுக்கு மேல்வீட்டிலும் இந்தச் சோதனை நடக்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஒழுகினால் உங்கள் தலையில்தான் சொட்டும். அப்புறம் அடைப்பை எடுத்துவிட்டுத் தண்ணீர் வடிவதைக் கவனியுங்கள். எங்கள் பிளாக்கில் ஒரு வீட்டில் தண்ணீர் தரை வடிகாலான நஹானி ட்ராப் பக்கம் போகாமல் நிதானமாகக் கதவு நிலையை நோக்கி வந்தது, மரநிலையின் அடி ஏற்கெனவே கறுத்திருந்தது, டைல்ஸ் போட்ட மேஸ்திரி அதைப் பார்த்துக்கொண்டே "யூஸ் பண்ணப் பண்ண சரியாயிடும் சார்" என்றார். சாய்வு பயன்படுத்தப் பயன்படுத்தச் சரியாகாது. டைல்ஸைப் பெயர்த்துத்தான் போட வேண்டும், அதைக் குடிபோவதற்கு முன்பே போட வைத்தோம்.

டைல்ஸை நாணயத்தால் தட்டிக்கொண்டே நடங்கள். அடியில் கலவை நிரம்பாத இடத்தில் டொக் டொக் என்று பொள்ளல் சத்தம் வரும், அங்கே மாஸ்கிங் டேப்பில் ஒரு எக்ஸ். கோலிக்குண்டைப் பால்கனியில் விட்டால் அது வடிகால் பக்கம் உருள வேண்டும், ஹாலுக்குள் உருண்டு வந்தால் ஐப்பசி மழைத் தண்ணீரும் அந்த வழியாகத்தான் வரும். ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள், மின் விநியோகப் பெட்டியான டிபி பாக்ஸைத் திறந்து, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டிரிப் ஆக வேண்டும். எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்துவிட்டு ஃபிளஷ் செய்யுங்கள், தண்ணீர் வரத்து எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும். ஜன்னல் சறுக்குகிறதா, கதவு தரையில் உரசுகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்பதெல்லாம் சொல்லத் தேவையில்லை.

விரிசல்களில் வகை உண்டு. பூச்சு காய்ந்து வரும் தலைமுடி போன்ற மெல்லிய கோடுகள் பெரிய விஷயமில்லை. பீமுக்கும் செங்கல் சுவருக்கும் அல்லது எடை குறைந்த ஏஏசி பிளாக் சுவருக்கும் நடுவே நேர்க்கோடாக ஓடும் பிளவு, இரண்டு பொருள் சேரும் இடத்தில் கோழிவலை அடிக்காமல் பூசியதால் வருவது, பட்டி போட்டு மறைத்தால் அடுத்த வெயிலில் மறுபடி திறக்கும். ஆனால் தூண், பீமிலேயே விரிசல், மூலையிலிருந்து சாய்வாகப் படிக்கட்டு மாதிரி இறங்கும் பிளவு, கான்கிரீட் உதிர்ந்து துருக்கம்பி தெரிவது, இதில் எதைப் பார்த்தாலும் சைட் இன்ஜினியரின் ஆறுதலை நம்ப வேண்டாம், வெளியிலிருந்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டி வந்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் இடிந்து விழுந்து 61 பேரைக் கொன்ற 11 மாடிக் கட்டடம் சிஎம்டிஏ அனுமதி பெற்றதுதான்.

எல்லாவற்றையும் வீடியோ எடுத்துவிடுங்கள், அறை அறையாக, தேதியைச் சொல்லிக்கொண்டே. முக்கியமாக, மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே. உள் அலங்கார வேலைக்கு ஆள் உள்ளே வந்துவிட்டால் அதன் பிறகு எந்தக் குறையைச் சொன்னாலும் "உங்க கார்பென்டர் ட்ரில் போட்டதுல வந்தது" என்று ஒரே பதில்தான்.

குடிபோன பிறகு

சித்திரை, வைகாசியில் சாவி வாங்கியவர்களுக்கு வீடு பளிச்சென்றுதான் இருக்கும். உண்மை தெரிவது வடகிழக்குப் பருவமழையில்தான். வடக்கும் கிழக்கும் பார்த்த சுவர்களின் உள்பக்கம், ஜன்னல் அடிக்கட்டை, கடைசி மாடிக் கூரை, இந்த மூன்றையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். பெயின்ட் கொப்பளித்தால் அன்றைக்கே போட்டோ.

வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள், கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ சேவைகளிலோ குறை தெரியவந்து நீங்கள் தெரிவித்தால், 30 நாளுக்குள் காசு வாங்காமல் பில்டர் சரிசெய்து தர வேண்டும். தவறினால் இழப்பீடு. இதுவும் 14ஆவது பிரிவில்தான் இருக்கிறது. "ஒரு வருஷ வாரன்டி முடிஞ்சுபோச்சு" என்ற பதிலை எத்தனையோ பேர் நம்பி, சொந்தக் காசில் வாட்டர்புரூஃபிங் செய்திருக்கிறார்கள். கடிதத்தில் எந்த அறை, எந்தச் சுவர், எப்போது முதலில் பார்த்தது என்று எழுதி, 30 நாள் என்பதையும் குறிப்பிடுங்கள். ஆள் வந்து பட்டி தேய்த்து பெயின்ட் அடித்துவிட்டுப் போனால், வேலை முடிந்தது என்ற சீட்டில் கையெழுத்துப் போடாமல், "கசிவின் காரணம் சரிசெய்யப்படவில்லை, மேற்பூச்சு மட்டும் நடந்தது" என்று எழுதிக் கொடுங்கள்.

ஒன்று சேருங்கள், ஆனால் பார்த்துச் சேருங்கள்

தனி ஆளாகப் போனால் நீங்கள் ஒரு தொல்லை, நாற்பது பேராகப் போனால் பேச்சுவார்த்தை. வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைக் கேட்டு வாங்கிவிட்டுச் சேருங்கள். பில்டரின் ஆளோ, அவருக்கு வேண்டப்பட்ட முதலீட்டாளரோ குரூப்புக்குள் உட்கார்ந்துகொண்டு நீங்கள் பேசுவதையெல்லாம் அன்றைக்கே ஒப்பிப்பது நடக்கிற கதைதான்.

பெரும்பான்மை வீடுகள் புக்கிங் ஆன மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய பில்டர் வழிசெய்ய வேண்டும் என்கிறது சட்டம். அவர்கள் தள்ளிப்போடுவதற்குக் காரணம் எதிர்காலப் பெரிய செலவுகளுக்கென்று வாங்கிய கார்பஸ் ஃபண்டும் பராமரிப்பு வைப்புத்தொகையும் அவர்கள் கணக்கில் இருப்பதுதான். சங்கம் பதிவானதும் முதல் கடிதத்திலேயே அந்தத் தொகையின் வரவு செலவு, லிஃப்ட், ஜெனரேட்டர், எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) வாரன்டி காகிதங்கள், மின்சார, குழாய் வரைபடங்கள், நிறைவுச் சான்றிதழ் நகல், தாய்ப்பத்திரம் எல்லாவற்றையும் கேளுங்கள். எஸ்டிபியைத் தனியாக ஓடவிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு வாங்காதீர்கள், ஓடாத எஸ்டிபியால் மாதாமாதம் கழிவுநீர் லாரிக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கும் குடியிருப்புகள் ஓஎம்ஆரில் ஏராளம்.

பார்க்கிங். திறந்தவெளிப் பார்க்கிங் பொது இடம், அதைத் தனித்தனியாக விற்க பில்டருக்கு உரிமை கிடையாது. தூண்களுக்கு நடுவே உள்ள ஸ்டில்ட் பார்க்கிங்கையும் ஃபிளாட் போலத் தனியாக விற்க முடியாது என்று 2010இலேயே நஹல்சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடைமுறையில் எல்லோரிடமும் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், குறைந்தபட்சம் எதற்கு என்று குறிப்பிட்ட ரசீதாவது வாங்கி வையுங்கள்.

எங்கே வழக்குப் போடுவது

கடிதம் எழுதி, கெடு கொடுத்து, ஒன்றும் நகரவில்லை என்றால் ரெரா. தமிழ்நாட்டில் இரண்டு படிவங்கள். பணம் திரும்பப் பெற, தாமத வட்டி, வேலையை முடித்துத் தரச் சொல்ல, சான்றிதழ் வாங்கித் தரச் சொல்ல: படிவம் எம் (Form M), ஆணையத்துக்கு. மன உளைச்சல், வாடகைச் செலவு என்று இழப்பீடு கேட்க: படிவம் என் (Form N), தீர்ப்பளிக்கும் அலுவலருக்கு. இரண்டையும் ஒரே மனுவில் குழப்பினால் தேவையில்லாத அலைச்சல். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே ஆஜராகலாம், கணக்குத் தணிக்கையாளரை அனுப்பவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தொகை பெரியதாக இருந்தாலோ, பில்டருக்கும் நில உரிமையாளருக்கும் நடுவே கூட்டு ஒப்பந்தம் இருந்தாலோ ஒரு வக்கீல் இருப்பது நல்லது, நில உரிமையாளரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

மனுவை அழுகைக் கடிதமாக எழுத வேண்டாம். தேதி, கட்டிய தொகை, ஒப்பந்தத்தில் சொன்ன நாள், நடந்தது, கேட்பது, அவ்வளவு போதும். தவணைகளைத் தேதி வாரியாக ஒரு அட்டவணை போட்டு ரசீது எண்ணோடு கொடுத்தால் விசாரணையில் பாதி நேரம் மிச்சம்.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ரெரா இருப்பதால் அந்தக் கதவு மூடவில்லை என்று 2020இல் இம்பீரியா வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் தேசிய ஆணையம். அங்கே இரண்டு வருடக் காலக்கெடு உண்டு, மறந்துவிடாதீர்கள். ஒரே கோரிக்கையை இரண்டு இடத்திலும் போடாதீர்கள். தாமதமும் பணமும்தான் பிரச்சினை என்றால் ரெரா நேரான வழி என்பது என் கருத்து.

தீர்ப்பு வந்ததும் பணம் வந்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பில்டர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போவார், போகட்டும், அதற்கு உங்களுக்குத் தர வேண்டிய தொகையை வட்டியோடு முதலில் டெபாசிட் செய்தால்தான் அவர் மனுவையே எடுத்துக்கொள்வார்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு 60 நாள். அதற்குள் அவர் போகவும் இல்லை, பணமும் தரவில்லை என்றால் நிறைவேற்று மனு போட்டு, வருவாய் பாக்கியாக வசூலிக்கும் சான்றிதழ் வாங்கி, கலெக்டர் ஆபீஸில் பின்னால் நிற்க வேண்டும். இந்தக் கட்டம்தான் ஆமை வேகம். பில்டர் பெயரில் விற்காமல் இருக்கும் ஃபிளாட்டுகள், வேறு நிலங்கள் எவையென்று வில்லங்கச் சான்றிதழ் போட்டு நீங்களே கண்டுபிடித்துக் கொடுத்தால் தாசில்தார் அலுவலகத்தில் ஃபைல் கொஞ்சமாவது அசையும்.

இதற்கு நடுவில் எப்போது வேண்டுமானாலும் சமரசத்துக்குக் கூப்பிடுவார்கள், பெரும்பாலும் முதல் விசாரணைக்கு முந்தின வாரம். போவதில் தப்பில்லை. ஆனால் பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், வராவிட்டால் என்ன வட்டி என்பது காகிதத்தில் இருக்க வேண்டும், அந்தக் காகிதத்தை ஆணையத்தின் முன்பே தாக்கல் செய்து அதன்படி உத்தரவு வாங்க வேண்டும். வரப்போகிற தேதி போட்ட காசோலையைக் கொடுத்துவிட்டு "கேஸை வாபஸ் வாங்கிடுங்க, மீதியை நாம பேசிக்கலாம்" என்றால், காசோலை பாஸாகிப் பணம் கணக்கில் ஏறின பிறகு வாபஸ் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.